அடிமைக் கப்பல் காப்டன் பாதிரியார் ஆனார்

1748-ம் ஆண்டு மார்ச் மாதம். அட்லாண்டிக் கடலில் பயங்கரப் புயல்! கப்பலுக்குள் வெள்ளம் புகுந்தது. ஜான் நியூட்டன் என்ற 22 வயது ஆங்கில மாலுமி, கடவுளைக் கேலி பேசித் திரிந்தவர். சாவு நெருங்கவே, அந்தக் கடவுளை வேண்டினார். கப்பல் கரை சேர்ந்தது.

மனந்திரும்பிவிட்டதாகவே அவர் எண்ணினார். வசை பேசுவதை விட்டார். பைபிள் படித்தார். ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. அடிமை வியாபாரம்!

ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளில் விற்கும் கப்பல்களுக்கு அவரே காப்டன் ஆனார். மேல்தளத்தில் ஞாயிறுதோறும் ஜெபம். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். அது அவர் நெஞ்சை உறுத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

1754-ல் கடல் தொழிலை விட்டார். மனம் மாறி அல்ல, நோய் வந்ததால்.

1764-ல் ஓல்னி என்ற ஊரில் பாதிரியார் ஆனார். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற புகழ் பெற்ற ஞானப்பாட்டையும் எழுதினார். அப்போதும் அந்த வியாபாரத்தை எதிர்த்து ஊரறிய வாய் திறக்கவில்லை.

1788-ல், 62 வயதில் திறந்தார். தாம் கண்ட கொடுமைகளையும் தம் பங்கையும் ஒரு சிறு நூலில் எழுதி வெளியிட்டார். 1790-ல் பார்லிமெண்ட் கமிட்டி முன் சாட்சியும் சொன்னார்.

1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்துக்குப் பிரிட்டனில் தடைச் சட்டம் வந்தது. டிசம்பரில் நியூட்டன் காலமானார்.