ஸ்வரங்களை விரலால் அறியச் செய்த லூயி பிரெயில்

கண்ணொளி இழந்தோருக்கு ஸங்கீதமே தக்க வித்தை என்னும் எண்ணம் பல தேசங்களிலும் உண்டு. ஆயினும், அவ்வித்தையை அவர்கள் பிறர் உதவியை எதிர்பாராது தாமே படிக்கவும் எழுதவும் இயலுமா என்று சிந்தித்தோர் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில். எழுத்து முறைக்காக அவரைப் போற்றும் உலகம், அவர் ஸங்கீத வித்வானாகவும் ஆசிரியராகவும் விளங்கியதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் செய்பவரின் கடைசிப் புதல்வராக 1809 ஜனவரி 4ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்தது. புண் மற்றைக் கண்ணையும் பற்ற, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் இருண்டன.

வாலண்டின் ஆயுயி என்பவர் 1785இல் பாரிஸில் நிறுவிய பார்வையற்ற சிறார்களின் பள்ளியில் 1819இல் லூயி சேர்ந்தார். அங்கிருந்த நூல்கள் காகிதத்தில் புடைத்தெழுந்த பேரெழுத்துக்களால் ஆனவை, சுமக்கவே பாரமானவை. ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவி வாசிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். பியானோ, செல்லோ என்னும் வில்வாத்தியம், காற்றுக் குழல்களால் ஒலிக்கும் ஆர்கன் ஆகியவற்றை மாணவர்கள் செவிவழியாகவே பயின்றனர்.

ஸந்தை சொல்லி அத்யயனம் செய்தவர்களுக்கு இது புதுமையன்று. செவியே அங்கும் பிரமாணம். ஆனால் ஆசிரியரின் அருகாமை உள்ளவரைதான் அம்முறை தடையின்றி நடக்கும். பதினேழு, பதினெட்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞன், பின்னொரு நாள் ஓர் அடியை மறந்தால் யாரிடம் கேட்பான்? புதிய உருப்படி ஒன்றைக் கற்க விரும்பினால், கண்ணுள்ள ஒருவர் மனமிரங்கி வாசித்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியதே.

1821இல் ஷார்ல் பார்பியே என்பவரின் பன்னிரு புள்ளி முறை பள்ளிக்கு வந்தது. ஒரு குறியை ஒரே தொடுகையில் அறிய இயலாது. ஸ்வரங்களுக்கும் அதில் இடமில்லை. லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல் இம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து! 1829இல் வெளியிட்ட நூலில் சொற்களோடு ஸங்கீதத்தையும் எழுதும் வழியைக் கூறினார். பின்னர் அதைத் திருத்தியமைத்தார். அம்முறையில் மேல் நான்கு புள்ளிகள் ஏழு ஸ்வரங்களுள் எது என்பதையும், கீழிரண்டு புள்ளிகள் அது எவ்வளவு காலம் நீளும் என்பதையும் உணர்த்தும். ஒரு விரல் நுனிக்குள் ஸ்வரமும் காலமும் ஒருங்கே அடங்கின. ஒரு கை படிக்க மறுகை வாசிக்க வேண்டியிருப்பதால், மனப்பாடம் செய்யும் உழைப்பு மட்டும் நீங்கவில்லை.

1833இல் அப்பள்ளியிலேயே முழு ஆசிரியரானார். 1834 முதல் ஸேன் நிக்கோலா தே ஷாம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். இதற்கிடையே க்ஷயரோகம் அவரைப் பற்றியது.

1840இல் பொறுப்பேற்ற தலைவர் துஃபோ, கண்ணுள்ளோர் எழுத்தையே இவர்களும் பயில வேண்டும் எனக் கருதிப் புள்ளி முறையை விலக்கினார். நோக்கம் தீயதன்று, ஆனால் படிக்கும் விரல்களை அவர் கேட்கவில்லை. மாணவர்கள் மறைவில் புள்ளிகளால் எழுதியே வந்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் துணைத் தலைவர் குவாதே அனைவர் முன்னிலையிலும் அம்முறையை விளக்கிக் காட்டச் செய்தார். தடை தளர்ந்தது.

1852 ஜனவரி 6ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயதில் லூயி காலமானார். 1854இல் பள்ளி அவர் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. அங்குப் பயின்ற லூயி வியேர்ன் 1900 முதல் 1937 வரை பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் ஆர்கன் வித்வானாக இருந்தார். பாரத தேசத்தில் 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் வழியே தமிழும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அடங்கியது.

1952இல் லூயியின் உடல், பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைகளை மட்டும் கூவ்ரே கிராமத்தார் தம்மூரிலேயே வைத்துக்கொண்டனர்.