செசரியா யூசேபியஸ்: ஆவணம் காத்த ஆயர்

பாலஸ்தீனத்துச் செசரியாவின் ஆயர் யூசேபியஸ் திருச்சபை வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவருடைய எழுத்துமுறையை உருவாக்கியது ஆயர் பதவியன்று. அதற்கு முந்தைய நூலகப் பணியே.

கி.பி. 260ஐ ஒட்டிப் பிறந்த அவர், இளமையிலேயே பம்பிலுஸ் என்னும் மூப்பரைச் சார்ந்தார். இறையியலறிஞர் ஓரிகனின் நூல்களைத் தேடித் தொகுத்து, அவற்றுட் பலவற்றைத் தம் கையாலேயே படியெடுத்தவர் பம்பிலுஸ். படிகளை ஒப்புநோக்கிப் பிழை களையும் பயிற்சியை யூசேபியஸ் அவரிடம் பெற்றார். ஓரிகனின் கடிதங்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைத் திரட்டி, மீண்டும் சிதறாவண்ணம் தனிச் சுருள்களில் அவர் முறைப்படுத்தினார். எருசலேமில் ஆயர் அலெக்சாந்தர் நிறுவியிருந்த நூலகமும் அவருக்குப் பயன்பட்டது.

கி.பி. 303இல் பேரரசர் டயோக்ளீசியன் பிறப்பித்த ஆணை, வழிபாட்டிடங்களை இடிக்கவும் திருநூல்களை எரிக்கவும் பணித்தது. ஏடுகள் சந்தைவெளிகளில் எரிந்ததை யூசேபியஸ் நேரிற் கண்டார். 307இல் சிறைப்பட்ட பம்பிலுஸ், 310இல் கொல்லப்பட்டார். ஆசானின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட மாணவர், அவருடைய வாழ்க்கையை எழுதி, நூலகத்தின் பட்டியலையும் அதனுட் சேர்த்தார். அந்நூல் இன்று இல்லை.

பத்துப் பகுதிகளாக அமைந்த அவருடைய திருச்சபை வரலாறு இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. முன்னோரின் கடிதங்களையும் ஆணைகளையும் தம் சொல்லிற் சுருக்காமல், நீண்ட பகுதிகளாக அவர் அப்படியே பெயர்த்தெழுதினார். மூலங்கள் அழிந்த பின்னரும் பல பழம்பனுவல்கள் அவர் வழியாகவே எஞ்சியுள்ளன. எனினும் படியெடுத்தல் வேறு, மெய்ம்மை காணல் வேறு. எதெஸ்ஸா நகர ஆவணக்காப்பகத்தினின்று பெற்றுச் சிரியாக் மொழியிலிருந்து பெயர்த்ததாகக் கூறி, அரசர் அப்காரும் இயேசுவும் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர் சேர்த்தார். இன்றைய ஆய்வுலகம் அவற்றைப் புனைவு என்றே கொள்கிறது. துன்புறுத்தலில் தடுமாறிய ஆயர்களைப் பற்றி விரித்துரைப்பதில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே முடிவுசெய்தார். காப்பவரே எதைக் காப்பது எனத் தெரிவுசெய்பவராகவும் இருந்தார்.

கி.பி. 313ஐ ஒட்டி ஆயரான யூசேபியஸ், 325இல் நிசேயா சங்கத்திற் பங்கேற்றார். பின்னர்ப் பேரரசர் கான்ஸ்டன்டைன், தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக ஐம்பது திருநூற்படிகளை அவரிடம் வேண்டிப் பெற்றார். ஏறத்தாழ 339இல் அவர் இறந்தபோது, பேரரசரின் வாழ்க்கையைக் கூறும் நூல் முற்றுப்பெறாதிருந்தது. செசரியா நூலகத்தின் சிதைந்த ஏடுகளை அவருக்குப் பின்வந்த ஆயர்கள் தோற்படிகளாக மாற்றினர்.

அந்த வாழ்க்கை நூலிலுள்ள அரச ஆவணங்கள் புனையப்பட்டவையோ என்னும் ஐயம் பிற்காலத்தில் வலுத்தது. இலண்டனில் காக்கப்படும் எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்று, பாலஸ்தீன மாகாணத்தார்க்குக் கான்ஸ்டன்டைன் விடுத்த ஆணையின் ஏறத்தாழச் சமகாலப் படி என 1954இல் இனங்காணப்பட்டது. அதன் வாசகம் யூசேபியஸ் தந்த பாடத்தோடு ஒத்திருந்தது. அச்சான்று உறுதிசெய்வது அந்த ஓர் ஆணையை மட்டுமே. ஏனையவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தாக வேண்டும்.