எல்லோருக்கும் ஒரு கார்!

குட்டி நண்பர்களே! உங்கள் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்று, எத்தனை கார்கள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் போதாது, இல்லையா? ஆனால் 1900-ஆம் ஆண்டு வாக்கில் கார் என்பது பெரும் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள். சில தொழிலாளர்கள் ஒரு காரைச் சுற்றி நின்று, பொறுமையாக ஒவ்வொரு பாகமாகப் பொருத்துவார்கள். விலையோ யானை விலை! விவசாயிக்கும் தொழிலாளிக்கும் அது எட்டாக்கனி.

அந்தக் கனியை எல்லோருக்கும் எட்டும்படி செய்தவர் ஹென்றி ஃபோர்டு. அவரிடம் ஒரு குணம் இருந்தது. பிடித்தால் விடமாட்டார். அந்தப் பிடிவாதம் அவரை எப்படி உயர்த்தியது, எங்கே சறுக்க வைத்தது என்று பார்ப்போமா?

கடிகார டாக்டர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகில் இருந்த ஒரு பண்ணையில் 1863 ஜூலை 30 அன்று ஹென்றி பிறந்தான். அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி. மகனும் ஏர் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஹென்றிக்கோ வயல் வேலை என்றாலே கசப்பு. இயந்திரம் என்றால் இனிப்பு!

பன்னிரண்டு வயதில் அம்மா மேரியை இழந்தான். அதே 1876-ஆம் ஆண்டில், அப்பாவுடன் வண்டியில் போகும்போது ஓர் அதிசயத்தைக் கண்டான். குதிரை இல்லாமல், தன் பலத்திலேயே சாலையில் ஊர்ந்து வந்தது ஒரு நீராவி எஞ்சின். வண்டியிலிருந்து குதித்து ஓடி, எஞ்சின்காரரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான். அன்று மனதில் விழுந்த விதை பிறகு வாடவே இல்லை.

கடிகாரத்தைக் கழற்றி மாட்டுவதும் அவனுக்குக் கைவந்த கலை. கருவி வாங்கக் காசு ஏது? ஆணியைத் தேய்த்துத் திருப்புளி செய்துகொண்டான். அக்கம்பக்கத்தார் கடிகாரங்களையெல்லாம் பழுது பார்த்தான்.

1879-இல், பதினாறு வயதில், டெட்ராய்ட் போய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் சம்பளம் தங்கும் செலவுக்கே போதவில்லை. அதனால் இரவில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் பழுது பார்த்தான்.

கோடாரி எடுத்த இரவு

1888-இல் கிளாரா என்ற பெண்ணை ஹென்றி மணந்தார். பிறகு டெட்ராய்டில், எடிசன் பெயரில் இயங்கிய மின்சார நிறுவனத்தில் பொறியாளர் ஆனார். பகலில் அங்கே வேலை. இரவில் சொந்தமாக எஞ்சின் செய்யும் வேலை!

1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. தான் செய்த சின்னஞ்சிறு எஞ்சினைச் சமையலறைத் தொட்டிமேல் பொருத்தினார். கிளாரா விருந்துக்கான வேலையை விட்டுவிட்டு வந்து, சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஊற்றினார். எஞ்சின் படபடவென்று ஓடியது!

1896 ஜூன் 4 விடியற்காலையில் அவருடைய முதல் வண்டி தயாரானது. நான்கு சைக்கிள் சக்கரங்கள், ஓர் இருக்கை. பின்னால் போக கியர் கிடையாது. வண்டியை வெளியே தள்ளப் பார்த்தால், அடடா! கொட்டகையின் கதவு சிறியது. ஃபோர்டு யோசிக்கவில்லை. கோடாரியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்தார். வண்டி வீதிக்கு வந்தது.

அதன்பின் எல்லாம் வெற்றிதான் என்று நினைக்காதீர்கள். 1899-இல் தொடங்கிய முதல் கார் நிறுவனம் 1901-இல் மூடப்பட்டது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து, பங்குதாரர்களோடு ஒத்துப்போகாமல் 1902-இல் வெளியேறினார். அந்த நிறுவனம்தான் பிறகு காடிலாக் என்று பெயர் மாறியது. ஃபோர்டு துவளவில்லை. 1903 ஜூன் 16 அன்று மூன்றாவது முறையாக ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் காரை வாங்கியவர் சிகாகோ நகரப் பல் டாக்டர் ஒருவர்!

நகரும் வரிசை

1908-இல் பிக்கெட் சாலைத் தொழிற்சாலையில் பிறந்தது புகழ்பெற்ற மாடல் டி கார். கிராமத்துக் கரடுமுரடான பாதைக்கு ஏற்றபடி தரையிலிருந்து உயரமாக இருந்தது. இலேசான, ஆனால் உறுதியான எஃகில் செய்யப்பட்டது. கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அறிய, இருக்கையைத் தூக்கிக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்! விவசாயிகள் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுக்கவும் பயன்படுத்தினார்கள்.

ஆனால் விலை 850 டாலர். இதைக் குறைப்பது எப்படி?

உங்கள் வகுப்பில் நூறு நோட்டுகளுக்கு அட்டை போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தாள் வெட்டி, மடித்து, லேபிள் ஒட்டினால் நேரமாகும். ஒருவர் வெட்ட, அடுத்தவர் மடிக்க, மூன்றாமவர் லேபிள் ஒட்ட, நோட்டு மட்டும் கைமாறிப் போனால்? சட்டென்று முடிந்துவிடும் அல்லவா! ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913-இல் ஃபோர்டும் அவருடைய பொறியாளர்களும் இதைத்தான் செய்தார்கள். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்பார். கார் நகர்ந்து வரும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாகத்தைப் பொருத்துவார். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் கொக்கியில் நகர்ந்து செல்லும் இறைச்சியைப் பார்த்து வந்த யோசனை இது. முன்பு ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அது 93 நிமிடமாகச் சுருங்கியது! 1920-களின் நடுவில் காரின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

தயாரித்தால் போதுமா? விற்க வேண்டாமா? 1910-களின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 7,000 ஃபோர்டு டீலர்கள் இருந்தார்கள். சிற்றூர்களில்கூட அவர்களின் கடை இருந்தது. கார் விற்பதோடு உதிரி பாகங்களும் கொடுத்து, பழுதும் பார்த்தார்கள்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் தொழிலாளர்கள் சலிப்படைந்து ஓடினார்கள். உடனே 1914 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து டாலர் சம்பளம்! அதற்கு முன் கிடைத்ததைப் போல இது இரு மடங்கு. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் குவிந்தார்கள். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு நிபந்தனையும் உண்டு. வீடு சுத்தமா, குடிப்பழக்கம் உண்டா, பணம் சேமிக்கிறாரா என்று நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள்.

வளையாத பிடிவாதம்

மாடல் டி கார் கறுப்பில் மட்டும்தான் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. தொடக்கத்தில் வேறு நிறங்களும் இருந்தன. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும்.

காலம் மாறியது. செவ்ரலே போன்ற போட்டியாளர்கள் வசதியான, அழகான கார்களைக் கொண்டு வந்தார்கள். ஃபோர்டின் ஒரே மகன் எட்செல், 1919 முதல் நிறுவனத்தின் தலைவர். புதிய மாடல் வேண்டும் என்று அவர் எடுத்துச் சொன்னார். அப்பா அசையவில்லை. 1920-இன் இறுதியில் வியாபாரம் மந்தமானபோது, டீலர்கள் கேட்காத கார்களையும் அனுப்பி, ரொக்கம் கட்டச் சொன்னார். பலர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

கடைசியில் 1927 மே மாதம், ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்ததும் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. புதிய காருக்காகப் பல மாதங்கள் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

இதைவிடப் பெரிய கறைகளும் உண்டு. ஃபோர்டுக்குச் சொந்தமான செய்தித்தாள், 1920 முதல் யூத மக்கள்மீது வெறுப்பை வளர்க்கும் பொய்க் கட்டுரைகளை வெளியிட்டது. 1927-இல் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவை புத்தகமாகப் பல நாடுகளில் பரவிவிட்டன. கொட்டிய நஞ்சை அள்ள முடியுமா? தொழிற்சங்கத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார். 1937-இல் ரூஜ் தொழிற்சாலை வாசலில், துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத்தினரை அவருடைய ஆட்கள் அடித்து உதைத்தார்கள். 1941-இல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது.

1943-இல் எட்செல், 49 வயதில், அப்பாவுக்கு முன்பே இறந்தார்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

1947 ஏப்ரல் 7 அன்று ரூஜ் ஆற்றில் வெள்ளம். ஃபோர்டின் மாளிகையில் மின்சாரம் நின்றுபோனது. அந்த இரவில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், 83 வயதான ஃபோர்டு கண் மூடினார். அவர் பிறந்தபோது அந்தப் பண்ணை வீட்டில் இருந்ததும் அதே போன்ற வெளிச்சம்தான். இடைப்பட்ட காலத்தில் உலகமே சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்கியிருந்தது!

மாடல் டி பிறந்த பிக்கெட் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். ரூஜ் தொழிற்சாலையை மக்கள் சுற்றிப் பார்க்க 1924-லேயே அனுமதி கிடைத்தது. 1980-இல் நின்ற அந்தச் சுற்றுலா, 2004-இல் மீண்டும் தொடங்கியது. நம் சென்னைக்கு அருகே மறைமலை நகரிலும் 2022 வரை ஃபோர்டு கார்கள் தயாராயின.

சுட்டீஸ்! இரண்டு முறை தோற்றும் மூன்றாவது முறை எழுந்தாரே, அந்தப் பிடிவாதத்தை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தை மட்டும், அவரிடம் இல்லாததால், நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். சரிதானே?