கடல் கடந்து வந்த அன்னை
சோபியா பிளாக்மோர் அம்மையார் வாழ்க்கை வரலாறு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை அறியாத தமிழர் மலாயாவில் இலர். தீபாவளிக்குத் துணி வாங்கவும், வீரமாகாளியம்மனை வணங்கவும், உறவினரைக் காணவும் நம் பெற்றோரும் அவர்தம் பெற்றோரும் அங்குச் சென்று வந்துள்ளனர். அச்சாலை தொடங்கும் இடத்திற்கு அருகே, சிலிகி சாலையை ஒட்டி ஷார்ட் வீதி என்னும் சிறிய தெரு ஒன்று உண்டு. பெயருக்கேற்பக் குட்டையான தெருவே. அத்தெருவில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் நாள், ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமியர் பாடம் கற்க அமர்ந்தனர். அவர்களுக்கு எதிரே ஆசிரியையாக நின்றவர் இருபத்தொன்பது வயது நிரம்பிய வெள்ளைக்கார மங்கை ஒருவர். அவர் சிங்கப்பூர் வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அவரே சோபியா பிளாக்மோர் அம்மையார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் கோல்பர்ன் என்னும் ஊரில் 1857ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அம்மையார் பிறந்தார். இளமையிலேயே பிறநாடு சென்று சமயத் தொண்டு ஆற்ற வேண்டும் என்னும் விருப்பம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவர் மனத்தில் இருந்த நாடு சீனம். ஆயினும் இசபெல்லா லியோனார்டு என்னும் அமெரிக்க அம்மையாரின் நட்பு அவரை முதலில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றது. சீனத்தை எண்ணியவர் இந்தியாவில் தங்கினார். இந்தியாவில் தங்கியவர் சிங்கப்பூரில் வாழ்ந்தார். மனிதர் வகுக்கும் வழி ஒன்று, கால் நடக்கும் வழி வேறொன்று.

அந்நாளில் சிங்கப்பூரில் வில்லியம் ஓல்டாம் என்னும் பாதிரியார் பணியாற்றி வந்தார். பெங்களூரில் பிறந்தவர், நில அளவையாளராக வேலை பார்த்தவர். 1886ஆம் ஆண்டில் அமோய் வீதியில் பதின்மூன்று மாணவரோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கியவர் அவரே. ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைந்தது. பெண் பிள்ளைகளுக்கோ ஆசிரியை இல்லை. ஆசிரியையை அனுப்பப் பணமும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பனி உறையும் ஊர்களில் வாழ்ந்த பெண்கள் இந்தப் பொறுப்பை ஏற்றனர். மேரி நிண்ட் என்னும் அம்மையார் தம் சங்கத்தின் சார்பில் மூவாயிரம் டாலர் தருவதாக உறுதி கூறினார். சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்றே அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயம். இருந்தும் முன்பின் கண்டறியாத பிள்ளைகளுக்காகத் தம் கைப்பொருளை ஈந்தனர். அந்தப் பணத்தின் துணையோடுதான் சோபியா அம்மையார் 1887 ஜூலை மாதம் சிங்கப்பூரில் கால் வைத்தார்.

அன்றைய சிங்கப்பூரை மாணவச் செல்வங்கள் சற்றே மனக்கண்ணில் கண்டு பார்க்க வேண்டும். சிராங்கூன் சாலையின் இருபுறமும் மாட்டுத் தொழுவங்கள், செங்கற் சூளைகள், சுண்ணாம்புக் காளவாய்கள். அப்பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்றே நம்மவர் பெயரிட்டிருந்தனர். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். நமக்கு வாழ்வளித்த ரப்பர் மரமோ, 1877இல் இருபத்திரண்டு கன்றுகளாகச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்திற்கு வந்து சேர்ந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. ரப்பர்த் தோட்டங்கள் இன்னும் தோன்றவில்லை. தமிழர் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்தனர். நகரில் வணிகராகவும் எழுத்தராகவும் சலவைத் தொழிலாளராகவும் சாலைத் தொழிலாளராகவும் இருந்தனர்.

அப்படிப்பட்ட காலத்தில், தம் பெண் மக்களுக்கும் கல்வி வேண்டும் என்று தமிழ்ப் பெரியவர்கள் சிலரே விரும்பினர் என்பது நாம் நெஞ்சில் பதிக்க வேண்டிய செய்தி. பள்ளி நடத்த இடமும் கிடைத்தது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் முதற் பெயர். அம்மையார் கிறித்தவ சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதைப் பெற்றோர் அறியாதவர் அல்லர். அம்மையாரும் அதை மறைத்தவர் அல்லர். தம் சமயத்தை விட்டு மகள் விலகிவிடுவாளோ என்னும் அச்சம் ஒருபுறம். எழுத்தறியாமலே அவள் வாழ்நாள் கழிந்துவிடுமே என்னும் கவலை மறுபுறம். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, ஒன்பது சிறுமியரை அனுப்பி வைத்த அந்தப் பெற்றோரின் துணிவு, கடல் கடந்து வந்த அம்மையாரின் துணிவுக்குக் குறைந்ததன்று என்பதே எம் கருத்து. அவர்தம் பெயர்கள் பள்ளி வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

சீனர் இல்லங்களில் நுழைவது இதனினும் கடினமாயிற்று. மலாய் பேசும் பாபா சீனக் குடும்பங்களில், பருவம் எய்தும் வயதை நெருங்கிய பெண்ணை வீட்டை விட்டு வெளியே அனுப்பும் வழக்கம் இல்லை. திருமணம் ஆகும்வரை சமையலும் தையலும் பூவேலையுமே அவளுக்குக் கல்வி. அம்மையார் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர் பலர். இதே கேள்வியைக் கேட்டவர் நம் தோட்டத்து லயங்களிலும் இருந்தனர் அல்லவா? அம்மையார் சினம் கொள்ளவில்லை. மலாய் மொழியைக் கற்றார். அம்மொழியிலேயே தாய்மாரோடு அடுப்படியில் அமர்ந்து பேசினார். 1888ஆம் ஆண்டு, கிராஸ் வீதியில் நோன்யா பூன் என்னும் அம்மையாரின் வீட்டிலேயே எட்டுச் சிறுமியரோடு இரண்டாவது பள்ளி தொடங்கியது. தான் கியோங் சைக் என்னும் சீன வணிகர் அதற்குத் துணை நின்றார். சிங்கப்பூரில் அவர் பெயரால் ஒரு சாலை இன்றும் உண்டு. அப்பள்ளியே பின்னாளில் ஃபேர்ஃபீல்டு பள்ளியாக வளர்ந்தது.

பள்ளிகளைவிட அம்மையாரின் உள்ளத்திற்கு நெருங்கியதாய் அமைந்தது 1890இல் அவர் தொடங்கிய பெண்கள் இல்லம் என்று சொல்லலாம். பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் வீடு திரும்புவர். வீடே இல்லாத பிள்ளை எங்கே திரும்பும்? தாய் தந்தையரை இழந்த சிறுமியர், பாதுகாப்பு வேண்டி வந்தவர், தொலைவில் இருந்து படிக்க வந்தவர் ஆகியோர்க்கு அவ்வில்லம் உறைவிடம் ஆயிற்று. அம்மையாரும் அவர்களோடு அங்கேயே வாழ்ந்தார். பின்னாளில் அவ்வில்லத்திற்கு மேரி நிண்ட் அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டது.

கோலாலம்பூர்ச் சுத்த சமாஜம் போன்ற இல்லங்களை அறிந்த நம்மவர்க்கு, பிள்ளைகள் இல்லம் ஒன்றை நடத்துவது எத்தகைய சுமை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு விடுமுறை உண்டு, இல்லத்திற்கு இல்லை. அரிசிப் பானையும் பாயும் விளக்கும் நாள்தோறும் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நன்கொடை வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. பொருளைக் கொடுத்துவிட்டுப் போவோர் ஒரு நாள் வருவர். உடன் உறைந்து காப்பவர் ஒவ்வொரு நாளும் எழ வேண்டும். முன்னவர் தொண்டும் தேவையே. ஆனால் அம்மையார் பின்னவர்.

இல்லம் நிலைபெற்ற சோபியா குன்றின் பெயரைக் கேட்டதும், அது அம்மையாரின் பெயரால் வந்தது என்று எண்ணத் தோன்றும். அன்று. அவர் வருவதற்கு முன்பே குன்றுக்கு அப்பெயர் வழங்கியது. குன்றின் அடிவாரத்தில்தான் நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த டோபி காட் இருந்தது.

மலாய் பேசும் சீனப் பெண்களோடு அம்மையார் கொண்ட பழக்கத்தால் மலாய் மொழி வழிபாடு ஒன்றும் தழைத்தது. 1894இல் மிடில் சாலையில் உருவான அச்சபை, 1930ஆம் ஆண்டளவில் கம்போங் கப்பூருக்கு, அதாவது நம்மவரின் சுண்ணாம்புக் கம்பத்திற்கு, இடம் பெயர்ந்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர் அத்தேவாலயத்தை இன்றும் காணலாம்.

ஷார்ட் வீதிப் பள்ளிக்குப் பிற இனச் சிறுமியரும் வந்து சேர்ந்தனர். இடம் பெருகிற்று, பெயரும் மாறிற்று. தமிழ்ப் பெண்கள் பள்ளி, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆயிற்று. வளர்ச்சியைக் கண்டு மகிழ்வதா, பெயரில் இருந்த தமிழ் மறைந்ததை எண்ணி வருந்துவதா? தமிழ்ப்பள்ளி மலரில் எழுதும்போது இரண்டும் சேர்ந்தே நெஞ்சில் எழுகின்றன. அம்மையாரைக் குறை கூறவும் மனம் ஒப்பவில்லை. எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்த வேண்டும் என்றால், ஓர் இனத்தின் பெயர் மட்டும் வாயிலில் நிற்பது கடினமே. எனினும் அப்பள்ளியின் முதல் ஒன்பது மாணவியரும் நம் இனத்துச் சிறுமியர் என்பதை எவரும் மாற்ற இயலாது.

1928ஆம் ஆண்டில், எழுபது வயதில், அம்மையார் பணி ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாமல் நாற்பத்தோர் ஆண்டுகள் இத்தீவிலேயே உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பினார். முதலில் அவரிடம் படித்த சிறுமியர் அதற்குள் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பர்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குச் சென்றது. மலாயாவின் தோட்டங்களில் இருந்து நம் தந்தையரும் பாட்டன்மாரும் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும், தாயற்ற தந்தையற்ற பிள்ளைகள் பெருகியதும் அக்கொடிய ஆண்டுகளில்தான். தாம் வளர்த்த பள்ளிகள் நின்ற தீவு விடுதலை பெறும் நாளைக் காண அம்மையார் இருக்கவில்லை. 1945 ஜூலை 3ஆம் நாள், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, ஆஸ்திரேலியாவில் எண்பத்தேழாம் வயதில் காலமானார்.

மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1992இல் புக்கிட் தீமாப் பகுதிக்குச் சென்றது. அப்பள்ளி நிற்கும் சாலைக்கு இப்போது பிளாக்மோர் என்று பெயர்.