வட்டத்தொட்டியில் நமக்கும் ஓர் இடம்



ஆண்டு மலர் என்றால் எடிசன், காமராஜர், பாரதியார் என்று எழுதுவோம். நான் எழுதப் போவது, பெரிதாகக் கவிதை எதுவும் எழுதாமலே கவிதையை வாழவைத்த ஒரு வக்கீலைப் பற்றி. அவர்தான் ரசிகமணி டி.கே.சி. முழுப்பெயர் டி.கே. சிதம்பரநாத முதலியார்.

ஏன் இவர் என்று கேட்பீங்க. பள்ளியில் ஒருநாள் நான் செய்யுளைத் தப்பாகப் படித்தேன். வகுப்பே சிரித்தது. எங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறார். இலக்கியமெல்லாம் நமக்கு இல்லப்பா என்று அன்றைக்கே முடிவு பண்ணிட்டேன். நூலகத்தில் டி.கே.சி.யின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அந்த முடிவு ஆட்டங்கண்டது.

டி.கே.சி.யின் குடும்பத்துக்குச் சொந்த ஊர் தென்காசி. சட்டம் படித்தார். ஆனால் மனசு கோர்ட்டில் நிற்கவில்லை, கம்பனிடம் போய்விட்டது. 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டில் வட்டமான தொட்டிக்கட்டு முற்றம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது.

ஒரு பாட்டை எடுத்தால் அவசரப்பட மாட்டார். திரும்பத் திரும்பச் சொல்லி, ராகத்தோடு பாடி, அதன் உணர்ச்சி நெஞ்சில் இறங்கும்வரை விடமாட்டார். இலக்கணம் அப்புறம்தான். வந்தவர்களுக்கு வயிறார விருந்தும் உண்டு. அங்கே உட்கார்ந்து கேட்டவர்களில் பாஸ்கரத் தொண்டைமானும், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான மகாராஜனும் அடக்கம். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களை ஊரறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1930-களில் இந்து அறநிலைய ஆணையராகப் பதவி வகித்தார். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, நம் மேடையில் நம் மொழிப் பாட்டு ஒலிக்கணும் என்று உறுதியாக நின்றார். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். அங்கேயும் விருந்தும் பாட்டும்தான். 1954-ல் மறைந்தார்.

அவர் மேல் குறை இல்லாமலும் இல்லை. கம்பராமாயணத்தில் தமக்குப் பிடிபடாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களையும் திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. அளவெடுத்துப் போட்ட வரைபடத்தை அழகுக்காக நாம மாத்தினா நம்ம சார் விடுவாரா?

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் எனக்கு ஆசான். எழுதுகிறவனும் பாடுகிறவனும் மட்டும் இருந்தால் கலை நிலைக்காது. பாய் விரித்து, உட்காரச் சொல்லி, காது கொடுத்துக் கேட்க ஒருத்தர் வேணும். அதற்குப் பட்டம் வேண்டாம், மனசு போதும்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் வராந்தாவில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவன் சொந்தக் கவிதை வாசித்தான். இன்னொருவன் சாக்பீஸால் தரையில் தன் ஊர்த் தேரை வரைந்தான். என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா, முறுக்குப் பொட்டலத்தோடு ஓரமாக நின்றார். பாடச் சொன்னோம். வெட்கப்பட்டு மாட்டேன் என்றார். ரொம்ப நேரம் கழித்து, என்னைத் தூங்கவைத்த தாலாட்டை மெல்லப் பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துபோச்சு. யாருமே சிரிக்கவில்லை. அடுத்த வரி வரும்வரை காத்திருந்தோம்.

பள்ளியில் விழுந்த அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் என் காதை விட்டுப் போச்சு.

நண்பர்களே, உங்க வீட்டிலும் பாட்டு இருக்கும், கதை இருக்கும். கொண்டு வாங்க. வட்டத்தில் இடம் இருக்கு!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை