கோட்டுப் பைக்குள் ஒளிந்த துப்பாக்கி: ஜான் பிரவுனிங் கதை

உங்கள் மொபைலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். நீளம் சுமார் 15 செ.மீ., எடை 200 கிராம் இருக்குமா? 1906-ல் ஐரோப்பியக் கடைகளுக்கு ஒரு கைத்துப்பாக்கி வந்தது. அதன் நீளம் வெறும் 11.5 செ.மீ.தான். உங்கள் மொபைலைவிடச் சின்னது! எடைதான் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட இரண்டு மொபைல். வெஸ்ட்கோட் பைக்குள் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போனால், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அதை வடிவமைத்தவர் ஐரோப்பியர் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த ஜான் மோசஸ் பிரவுனிங். தினமும் உடம்போடு வைத்துக்கொள்ளும் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைக்கு வாங்குபவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் நூறு வருஷத்துக்கு முன்பே பதில் செய்து வைத்தவர் இவர். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வி உலகத்தையே புரட்டிப்போட்டது. அது என்ன என்று பார்ப்போமா?

பட்டறையில் வளர்ந்த பையன்

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23-ல். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர். மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள்! அந்தப் பெரிய குடும்பத்தில் ஜானுக்குப் பட்டறைதான் விளையாட்டு மைதானம். பத்து வயதிலேயே கழித்துப்போட்ட இரும்பை வைத்து ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு தம்பி மேட்டுடன் பறவை வேட்டைக்கும் போய் வந்தார்.

1879-ல் முதல் காப்புரிமை கிடைத்தது. அதே வருஷம் அப்பா இறந்துபோனார். சகோதரர்கள் சேர்ந்து பட்டறையைத் தொடர்ந்தார்கள். ஜான் யோசிப்பார், எட் அதை இரும்பில் செய்து காட்டுவார், மேட் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார். 1883-ல் வின்செஸ்டர் கம்பெனியின் பெரிய அதிகாரி இந்தச் சிற்றூருக்கே நேரில் வந்து, 8,000 டாலர் கொடுத்து ஒரு துப்பாக்கியின் உரிமையை வாங்கிப்போனார். அடுத்த 20 வருஷத்தில் அந்தக் கம்பெனி இவரிடம் வாங்கிய வடிவமைப்புகள் 40-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை. போட்டிக் கம்பெனி கையில் கிடைத்துவிடக் கூடாது என்றே வாங்கிப் பூட்டி வைத்தவை அவை!

அசைந்த புல்

1889 வாக்கில் நடந்தது இது. துப்பாக்கி சுடும்போது எதிரில் இருந்த புல் படீரென்று சாய்வதை பிரவுனிங் கவனித்தார். நாமும் பார்த்திருப்போம், காற்று என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. குழாய் முனையிலிருந்து வெளியேறும் வாயு சும்மா வீணாகிறதே, அதையே வேலை வாங்கினால் என்ன என்று யோசித்தார். குண்டு போன பிறகு காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும் முறையில் இறங்கினார். அங்கிருந்து கைத்துப்பாக்கிக்கு வந்தபோது, குண்டு சீறும் வேகத்தில் பின்னால் உதைக்கிற விசையை அந்த வேலைக்குப் பிடித்துக்கொண்டார்.

அதுவரை பாக்கெட்டில் போகும் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர்தான். அதன் நடுவில் தோட்டா உருளை வயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். கோட்டின் மேலேயே துருத்தித் தெரியும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் அவசரத்தில் துணியில் மாட்டிக்கொள்ளும். தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் அடுக்கிவிட்டால் துப்பாக்கி தட்டையாகிவிடும், இல்லையா? அந்த வழியில் போனார் பிரவுனிங்.

சைக்கிளுக்கு வந்தவர், பிஸ்டலோடு போனார்

இந்த இடத்தில் கதை பெல்ஜியத்துக்குத் தாவுகிறது. லியேஜ் நகரத்தை ஒட்டிய எர்ஸ்டால் என்ற ஊரில் எஃப்.என். என்ற தொழிற்சாலை இருந்தது. ராணுவத்துக்கு ரைஃபிள் செய்ய 1889-ல் தொடங்கியது. ஆர்டர் குறையவும், சைக்கிள் செய்யலாமா என்று யோசித்தார்கள். 1897-ல் அதன் பிரதிநிதி ஹார்ட் பெர்க், சைக்கிள் தயாரிப்பைப் பார்த்துவர அமெரிக்காவுக்குப் போனார். போன இடத்தில் பிரவுனிங்கின் பிஸ்டல் கண்ணில் பட்டது. அந்த வருஷமே ஒப்பந்தம் போட்டார்கள்.

அதிலிருந்து வந்ததுதான் மாடல் 1900. அதற்காகவே பிரவுனிங் உருவாக்கிய .32 தோட்டா, அதாவது 7.65 மி.மீ., இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு ஏன், நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வாங்கும் .32 பிஸ்டலில் போடுவதும் அதே தோட்டாதான். பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்ற பெயரே பிஸ்டலுக்கு இன்னொரு சொல்லாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டுக்கு ஏற்ற தையல்

இனி மனுஷன் செய்த மாற்றங்களைப் பாருங்கள். ஒரு நல்ல தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோல இருக்கும்.

அமெரிக்காவின் கோல்ட் கம்பெனிக்கு 1903-ல் செய்த பிஸ்டலில், சுத்தியலை மேல்மூடிக்குள்ளேயே மறைத்துவிட்டார். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, துணியில் மாட்டாது. கைப்பிடியின் பின்பக்கம் ஒரு தகடு வைத்தார். கை அதை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். பைக்குள் சும்மா கிடக்கும்போது வெடிக்காது. 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் விற்றது அந்த மாடல். வாங்கியவர்களில் வசதி உள்ளவர்கள் நிக்கல் பூச்சு, முத்துச்சிப்பி கைப்பிடி, பெயரின் முதலெழுத்து என்று தங்களுக்கு ஏற்ற மாதிரி அலங்கரித்துக்கொண்டார்கள்.

1906-ல் வந்தது நாம் முதலில் பார்த்த குட்டிப் பிஸ்டல். ஆறு தோட்டா. ஆனால் சின்னதாக்கினால் விலை கொடுத்தாக வேண்டும். தோட்டா 6.35 மி.மீ. ஆகச் சுருங்கியது, அடியின் பலமும் குறைந்தது. குழாய் இரண்டே அங்குலம் என்பதால் தூரத்தில் குறி வைப்பது கஷ்டம். சுமக்கச் சுகமானது சுடச் சிரமம், சுடச் சுகமானது சுமக்கச் சிரமம். இன்றைக்கும் பாக்கெட் பிஸ்டல் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இதுதான் தலைவலி.

அந்தத் தலைவலிக்கு அவர் கண்ட நடுவழி, மாடல் 1910. ஸ்பிரிங்கைக் குழாயைச் சுற்றியே மாட்டிவிட்டார். துப்பாக்கி இன்னும் மெலிந்தது. பலமான 9 மி.மீ. குட்டைத் தோட்டாவும் இதில் போடலாம். தவறிச் சுட்டுவிடாமல் இருக்க மூன்று பாதுகாப்பு: விரலால் போடும் பூட்டு ஒன்று, கைப்பிடித் தகடு ஒன்று, தோட்டாக்கூட்டை உருவிவிட்டால் சுடாதபடி இன்னொன்று.

கீழே விழுந்தால்? யோசித்தாயிற்று. துணியில் மாட்டினால்? யோசித்தாயிற்று. கூட்டை உருவிய பிறகு உள்ளே ஒரு தோட்டா தங்கிவிட்டால்? அதையும் யோசித்தாயிற்று. யாருடைய பாக்கெட் என்பதை மட்டும் எந்த ஸ்பிரிங்காலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹெல்சிங்கி முதல் மணியாச்சி வரை

1904 ஜூன் 16. ரஷ்ய ஆட்சியில் இருந்த பின்லாந்தின் ஹெல்சிங்கியில், கவர்னர் ஜெனரல் போப்ரிகோவை ஓய்கன் ஷௌமன் சுட்டார். கையில் இருந்தது மாடல் 1900. 1909 அக்டோபர் 26. சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியை கொரியாவின் ஆன் ஜங்-கியுன் சுட்டார். அதே மாடல் 1900.

1911 ஜூன் 17. இந்தத் தேதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணியாச்சி ரயில் நிலையத்தில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்தான். 1931-ல் அலகாபாத் பூங்காவில் சந்திரசேகர் ஆசாத் கடைசி வரை பிடித்திருந்தது 1903 மாடல் கோல்ட். இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவர்களை ஒரு ஊர் வீரர் என்று கொண்டாடியது, இன்னொரு ஊர் கொலைகாரர் என்றது. துப்பாக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எல்லா இடத்திலும் அது செய்தது ஒன்றுதான். காவல் சூழ்ந்த ஒரு மனிதரின் பக்கத்தில் போய் நிற்கும்வரை, யார் கண்ணிலும் படாமல் துணிக்குள் இருந்தது.

சரயேவோவும் எர்ஸ்டாலும்

1914 ஜூன் 28. சரயேவோ நகரத்துக்கு ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் மனைவி சோஃபியுடன் வந்தார். சதிகாரர்களுக்குக் கிடைத்திருந்தவை ஆறு குண்டுகள், நான்கு பிஸ்டல்கள். நான்கும் மாடல் 1910. காலையில் ஒருவர் வீசிய குண்டு இலக்குத் தப்பியது. பிறகு வழி தவறி நின்ற காரின் அருகே கவ்ரிலோ பிரின்சிப் வந்தார். வயது 19. கையில் இருந்த பிஸ்டல் இரண்டு முறை சுட்டது. இருவரும் இறந்தார்கள். ஐந்து வாரத்தில் ஐரோப்பா முழுக்கப் போர்.

அடுத்த திருப்பத்தைக் கவனியுங்கள். அந்தப் போரில் ஜெர்மன் படை முதலில் தாக்கிய பெரிய நகரம் எது? லியேஜ்! அந்தப் பிஸ்டலைச் செய்த தொழிற்சாலையே ஆகஸ்டில் எதிரி கைக்குப் போனது.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, தன் இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையை பிரவுனிங் 7,50,000 டாலருக்கு அரசிடம் கொடுத்தார். ராயல்டி கேட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். அந்தத் துப்பாக்கியோடு 1918-ல் பிரான்ஸ் போர்முனைக்குப் போனவர்களில் அவர் மகன் வாலும் ஒருவர். அப்பாவின் பாக்கெட் பிஸ்டல் தொடங்கிவைத்த போரில், அப்பாவின் இயந்திரத் துப்பாக்கியோடு மகன்.

போர் முடிந்தது. போஸ்னியா, பின்னாளில் யூகோஸ்லாவியா என்று பெயர் பெற்ற நாட்டின் பகுதியானது. 1923-ல் அந்த நாட்டு ராணுவத்துக்கு பிஸ்டல் தேவைப்பட்டது. எங்கே வாங்கினார்கள் தெரியுமா? அதே எர்ஸ்டாலில், அதே மாடல் 1910-ஐ. ராணுவ உறைக்கு ஒளிவுமறைவு தேவையில்லையே! அதனால் குழாயை நீட்டி, கைப்பிடியையும் நீட்டி, இரண்டு தோட்டா அதிகம் பிடிக்கும்படி மாற்றிக்கொடுத்தார்கள்.

1926 நவம்பர் 26-ல், எர்ஸ்டால் தொழிற்சாலையில் மகனின் அலுவலக அறையில், பிரவுனிங் மாரடைப்பால் இறந்தார். வயது 71. காப்புரிமைகள் 128. அவர் கடைசியாக முடித்த வடிவமைப்பு வேட்டைக்கான ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி.

சரயேவோ சதிகாரர்களின் பிஸ்டல்களில் ஒன்று இன்று வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் பாருங்கள். அதன் மூன்று பாதுகாப்பும் அன்றைக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தன.