சுஸ்ருதர்

சுஸ்ருதர் பண்டைய இந்தியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஆவார். சமற்கிருத மொழியில் அமைந்த சுஸ்ருத சம்ஹிதை என்னும் மருத்துவ நூல் இவர் பெயரால் வழங்குகிறது. அறுந்த காது, மூக்கு, உதடு ஆகியவற்றைச் சீராக்கும் முறைகளை விளக்கும் மிகப் பழைய நூல்களுள் இது ஒன்று. இதனால், மக்கள் பிளாஸ்டிக் சர்ஜரி என அழைக்கும் ஒட்டறுவை மருத்துவத்தின் தந்தை என இவர் போற்றப்படுகிறார்.

வாழ்க்கை

சுஸ்ருதர் விசுவாமித்திரரின் மகன் என்றும், காசி அரசர் திவோதாசரிடம் வேறு சில மாணவர்களுடன் சேர்ந்து மருத்துவம் கற்றார் என்றும் நூலே கூறுகிறது. திவோதாசர் தன்வந்திரியின் அவதாரமாகக் கருதப்படுபவர். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்கும் வடிவிலேயே நூல் அமைந்துள்ளது. இவரது காலம் கி.மு. 600 எனப் பாடநூல்கள் பலவும் குறிக்கின்றன. ஆயினும் நூல் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்டதன்று. அது பல நூற்றாண்டுகளில் வளர்ந்து, ஏறத்தாழ கி.பி. 500 அளவில் இன்றைய வடிவத்தை அடைந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நேபாளத்தில் உள்ள இதன் ஓலைச்சுவடி ஒன்று கி.பி. 878 இல் எழுதப்பட்டது.

பயிற்சி முறை

நோயாளியின் உடலில் கத்தி வைக்கும் முன் மாணவர் வேறு பொருள்களில் பழக வேண்டும் என்பதில் சுஸ்ருதர் உறுதியாக இருந்தார். கீறுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி. தைப்பதற்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடுவதற்கு ஆள் அளவு துணிப்பொம்மை. இரத்தக் குழாயைத் திறப்பதற்கு இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. உடற்கூறு அறிய, பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின் தூரிகையால் தேய்த்து அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். மழுங்கிய கருவிகள் 101, கூரிய கருவிகள் 20 என நூல் கணக்கிடுகிறது.

காதும் மூக்கும்

குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் காது குத்த வேண்டும். காது மடலை வெயிலில் பிடித்து, ஒளி ஊடுருவும் இடத்தில் துளையிட வேண்டும் என்கிறார். துளையைப் பெரிதாக்க, மூன்று நாள்களுக்கு ஒருமுறை முன்னதைவிடப் பருமனான திரியைச் செருக வேண்டும். இப்படி வளர்க்கும்போது மடல் இரண்டாகப் பிளந்துவிடுவதும் உண்டு. அதை ஒட்டுவதற்கு 15 முறைகளை நூல் பெயரிட்டு விளக்குகிறது.

மதுரை வட்டாரத்தைச் சேர்ந்தோருக்கு இப்பகுதி புதிதாகத் தோன்றாது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பெண்களின் காதை வளர்த்துப் பாம்படம், தண்டட்டி அணிவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இளம்பெண்கள் தொங்கும் காதைக் குறையாகக் கருதத் தொடங்கினர். பலர் அதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். தாய் அழகென்று வளர்த்ததை மகள் கத்தியால் திருத்திக்கொண்டாள். தோற்றத்திற்காக அறுவை செய்துகொள்ளும் வழக்கம் நகரத்து மோகம் மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையைப் பெயர்த்து மடல் செய்யலாம் என்கிறார் சுஸ்ருதர். அச்சதை உயிருள்ளதாகவும் ஒரு பக்கம் உடலோடு இணைந்ததாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. ஒட்டறுவையின் அடிப்படையே இதுதான்: இரத்த ஓட்டம் அறுந்தால் சதை அழுகிவிடும். மூக்கிற்கும் இதே முறை. மூக்கின் அளவுக்கு இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துச் சதையை எடுத்துப் பொருத்தி, மூச்சுவிட இரு குழல்களைச் செருகி, அதிமதுரம் முதலியவற்றின் பொடி தூவி, பஞ்சிட்டு எள்ளெண்ணெய் தெளிக்க வேண்டும்.

மூக்கறுப்பு அக்காலத்தில் தண்டனை; போரில் அவமானம். திருமலை நாயக்கரின் இறுதி ஆண்டுகளில் மைசூருக்கும் மதுரைக்கும் நடந்த சண்டை மூக்கறுப்புப் போர் என்றே பெயர் பெற்றது. 1792 இல் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கிழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் பின்னர் புனேயில் புதிய மூக்கு அமைக்கப்பட்டது. அங்கு சதை எடுக்கப்பட்டது கன்னத்திலிருந்து அன்று, நெற்றியிலிருந்து. இச்செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைக் கொண்டு ஜோசப் கார்ப்யூ 1814 இல் இங்கிலாந்தில் இவ்வறுவையைச் செய்தார்.

மார்பகம் பற்றி

மார்பக வடிவைத் திருத்தும் அறுவையையும் சுஸ்ருதரே தொடங்கினார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. நூலில் அப்படி எதுவும் இல்லை. மார்பில் கட்டி பழுத்தால் அதைக் கீறும் முறையே உள்ளது. அப்போதும் பால் செல்லும் நாளங்களையும், கருநிறமுள்ள காம்புப் பகுதியையும் விலக்கியே கத்தி வைக்க வேண்டும் என்கிறார். நூல் சொல்லும் சிறு குறிப்பாயினும் மிகவும் பயனுள்ளது.

இன்றைய மார்பகச் சீரமைப்பு அறுவைகளிலும் கேள்வி இதுவே. மார்பகத்தைச் சிறிதாக்கும்போதோ உயர்த்தும்போதோ, காம்பைப் பொதுவாக முற்றிலும் அறுத்தெடுப்பதில்லை. உயிருள்ள திசுப்பட்டை ஒன்றோடு இணைந்தபடியே புதிய இடத்திற்கு நகர்த்துகின்றனர். அப்படியும் பின்னாளில் பால் சுரப்பதும் தொடுவுணர்வும் குறையக்கூடும், தழும்பு உறுதி. பெரிதாக்கச் சிலிக்கோன் பை வைக்கும் முறை 1962 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கியது. இப்பை ஆயுள் முழுவதும் நிலைப்பதன்று; மாற்றவோ அகற்றவோ நேரலாம். அழகுக்காகச் சிலிக்கோன் கூழ்ப் பை வைப்பதற்கு அமெரிக்காவில் 22 வயது நிறைந்திருக்க வேண்டும். இரு மார்பகங்களும் சற்றே வேறுபட்டிருப்பது பெரும்பாலோரிடம் காணப்படும் இயல்பு, அது நோயன்று. மிகுந்த எடையால் கழுத்தும் முதுகும் வலிக்கும் பெண்ணின் நிலை வேறு.

2018 இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக வடிவ அறுவை இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்ற எதிர்ப்பு எழுந்தது. வசதியுள்ளோர் பெறுவதை ஏழைப் பெண்களும் பெறட்டும் என்பது அரசின் வாதம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் ஒட்டறுவைத் துறை இயங்குகிறது. கம்மலின் எடையால் கிழிந்த காதைத் தைப்பது ஒட்டறுவை மருத்துவர்கள் இன்றும் செய்யும் சிறு அறுவைகளுள் ஒன்று.